தொங்கு ரயிலின் மின்சாரத்தை நிறுத்தியது நான்தான்

பெயர் மங்கலம், வயது 47, தகப்பனார் பெயர் கல்யாணராமன், வலியசாலை அக்கிரகாரத் தெரு, திருவனந்தபுரம். தனியார் கம்பெனி ஒன்றின் தொங்கு ரயில் சோதனைத் தடத்தில் பாதுகாப்புப் பிரிவு இன்ஜினியராக நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். மலையாளம் தெரியும் என்றாலும் நான் கேட்டுக்கொண்டபடி இந்த வாக்குமூலம் தமிழிலேயே எழுதப்படுகிறது.

மேற்படி ரயில், தூண்களின் மேலுள்ள தண்டவாளத்திலிருந்து தொங்கியபடி ஓடுவது. கொல்லம் வரை மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் விடலாம் என்று சொல்லி, முதற்கட்டமாக நகருக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் தடம் போட்டிருக்கிறார்கள். 2003 பிப்ரவரி 11ஆம் தேதி காலி வண்டியை அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியதில் வளைவில் பதினெட்டு சென்டிமீட்டர் ஆடியது. மறுநாள் ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி நாற்பதில் ஓட்டியதில் முப்பத்தொன்று ஆடியது. வண்டிக்கும் தூணுக்கும் இடைவெளி நாற்பது சென்டிமீட்டர்தான். பாரத்தோடு அறுபதில் ஓட்டினால் தூணில் இடிக்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு 17ஆம் தேதி மேனேஜர் ஸ்ரீஜித் என்னை அழைத்து, காலி வண்டியின் கணக்கை மட்டும் வைத்துச் சான்றிதழ் தயாரித்திருப்பதாகச் சொல்லி, "ஒரு ஒப்பு போட்டாப் போதும் மேடம், இத்தனை பேரோட ஜோலி இதிலயாக்கும்" என்றார். "காலி வண்டிக்குன்னு எழுதுங்கோ, போடறேன். ஜனங்க ஏறற வண்டிக்குப் போட மாட்டேன்" என்றேன். அவர் வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு 20ஆம் தேதி காலை பத்து மணிக்கு, விருந்தினரை அழைத்து, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வெள்ளோட்டம் வைத்தார்கள். இருக்கைகள் காலியாகத் தெரியக் கூடாது என்று ஊழியர் குடும்பத்தாரையும் வரவழைத்து ஏற்றியிருந்தார்கள். வண்டியைத் தரையிலுள்ள அறையிலிருந்து இயக்கும் வேலாயுதன் என்னிடம் வந்து, "வீட்டுக்காரி மூணாவது வரிசையில இருக்கா. எறங்கச் சொன்னா வேலை போவும். நான் என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டார். நான் நேரே மின்சார அறைக்குப் போய், மெயின் சுவிட்சை இறக்கி, பெட்டியைப் பூட்டி, சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, வாசலில் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை.

அதன் பிறகு போலீஸ் வந்தது. ஆட்களை இறக்கிவிட்டு மணல் மூட்டையை ஏற்றினால் சாவி தருவேன், இல்லையென்றால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும் என்றேன். விருந்தினர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஸ்ரீஜித், ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சம்மதித்தார். ஐம்பத்திரண்டு பேரும் இறங்கினார்கள். பழைய மூட்டைகள் ஷெட்டிலேயே இருந்தன. அவற்றை ஏற்றி ஓட்டியதில் வண்டி அறுபதைத் தொட்டதும் வளைவில் ஒன்பதாம் தூணில் இடித்து, இடது பக்கத் தகடு இரண்டாம் வரிசையிலிருந்து ஐந்தாம் வரிசை வரை கிழிந்தது. மூட்டைகள் கிழிந்து மணல் கொட்டியது. வேலாயுதனின் மனைவி பொன்னம்மை கீழே நின்று, தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டிச் சேதத்துக்கு நான் பொறுப்பு என்று கம்பெனி கொடுத்திருக்கும் புகார் சரியல்ல. சுவிட்சை இறக்கியதற்கு வழக்குப் போட்டால் போடட்டும், எந்தக் கோர்ட்டிலும் இதையே சொல்வேன். தொங்கு ரயிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தை அடக்கி, வளைவில் தூண்களைத் தள்ளிப் போட்டால் அது ஓடும். அன்றைக்கு முதல் ஆளாக நானே ஏறுவேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டியபோது "உணர்ச்சிவசப்பட்டு" சுவிட்சை இறக்கியதாக எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை, அளந்து பார்த்துத்தான் இறக்கினேன் என்று கூறியதன் பேரில் அச்சொல் அடிக்கப்பட்டது. மீதியெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்)
மங்கலம்