பெருநாளன்று பந்திக்கு இசைந்த மேனேஜர் அம்பலவாணனார் அவர்களுக்கு

கடலோரக் காரைக்காலில் கால்பந்தைக் கண்ணாகக் காத்த காவலரே! பந்துக்குக் காற்றடித்த கையாலேயே எங்கள் பதற்றத்தையும் பக்குவமாக இறக்கிவிட்ட பண்பாளரே! வெற்றியில் துள்ளாத, தோல்வியில் துவளாத, வெயிலுக்கு ஒதுங்காத, வெள்ளை வேட்டியில் ஒருநாளும் மண் படவிடாத வித்தகரே! கீழைக்கரைக் கால்பந்துக் கழகத்தின் மேனேஜராகப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கும் திருவாளர் அம்பலவாணனார் அவர்களே! தங்களைத் தலை தாழ்த்தி வணங்குகிறோம்.

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் கொட்டகையின் பின்வரிசையில் சிலர் வாயைப் பொத்திச் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கட்டும். தாங்களாக ஓய்வு பெறவில்லை, நாங்கள்தான் தங்களைப் பதவியிலிருந்து இறக்கினோம் என்பது ஊரறிந்த விஷயம். அதை மறைத்து ஒரு மடல் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தால், தங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பொய் தொங்கும். தங்களுக்குப் பொய் ஆகாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுவது என்று முடிவு செய்தோம். ஆனால் முகத்துக்கு நேரே, ‘தாங்கள் இப்படிச் செய்தீர்கள்’ என்று சொல்ல எங்களில் யாருக்கும் நாக்கு எழவில்லை. அதனால் யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோலச் சொல்கிறோம். எங்கள் கோல்கீப்பரும் கேப்டனுமான காஜா மைதீன் கண்டதும் பட்டதும்தான் இதில் பெரும்பகுதி. எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையில் பழகியவரைப் பற்றிய கதை என்பதால், கேலி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே அம்பலவாணனார் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தர். கொடி மாறியது, மேலதிகாரிகள் மாறினார்கள், அவர் நாற்காலி மாறவில்லை. ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் மாலையில்தான் தொடங்கும். கழகத்துக்குப் பதினொரு பேர் வேண்டும். அந்தப் பதினொரு பேரும் ஒரே ஊரில் இருந்ததில்லை. பட்டினச்சேரிப் பையன்கள் கடலுக்குப் போயிருப்பார்கள். வயற்காட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் நடவுச் சேற்றில் நிற்பார்கள். திருமலைராயன்பட்டினத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளில் ஒருவன் திடீரென்று பினாங்குக்குக் கப்பலேறிவிடுவான். எந்த வலை எப்போது கரையேறும், எந்த வயலில் நடவு எப்போது முடியும், எந்த வீட்டில் பயணப் பெட்டி தயாராகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆட்டத்தன்று பதினொரு பேரையும் மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

பிரெஞ்சு எல்லையில் சுங்கக் கெடுபிடி இருந்த வருடங்களில் அவர் பட்ட பாடு தனி. பந்துக்குள் எதையோ ஒளித்துக் கடத்துகிறார் என்று ஒரு சிப்பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்பலவாணனார் மறுபேச்சுப் பேசாமல் காற்றைப் பிடுங்கிக் காட்டிவிட்டு, சாவடி வாசலிலேயே குந்தி உட்கார்ந்து மறுபடியும் காற்றடித்தார். இத்தனைக்கும் அவர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பந்தை உதைத்தவர் அல்லர். எல்லைக்கோட்டை இன்னும் தாண்டாத பந்து ஒன்று காலடிக்கு உருண்டு வந்தபோது, கீழே விழுந்த தேங்காயை எடுத்துக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் எடுத்து எதிரணிக்காரனிடம் நீட்டினார். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். அவருடைய துணைவியார் தையல்நாயகி அம்மையார், மேனேஜர் என்ற பெயரைத் தவிர இந்த மனிதருக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது என்று அலுத்துக்கொள்வார். அது அப்பட்டமான உண்மை.

இப்படிப்பட்டவரைப் பதவியிலிருந்து இறக்கக் காரணமாக இருந்தது சென்ற ஆண்டு வைகாசி மாதத்து இறுதி ஆட்டம்.

அந்த வருடம் கோப்பை எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அம்பலவாணனார் காலத்தில் அவ்வளவு அருகில் நாங்கள் போனதே இல்லை. இறுதி ஆட்டம் நாகப்பட்டினத்து அணியோடு, அவர்கள் ஊரில். தேதியை நாங்களே சொல்லலாம் என்று விட்டுவிட்டார்கள். அது நோன்பு மாதம். காஜா மைதீனும் சேக் அலாவுதீனும் இன்னொருவரும் நோன்பாளிகள். அவர்கள் பெருநாளன்று உண்டு இளைப்பாறிய பிறகு ஆட வேண்டும் என்று அம்பலவாணனாருக்கு நல்லெண்ணம். பஞ்சாங்கத்தை விரித்தார், அமாவாசையைப் பார்த்தார், பிறை இன்ன நாள், பெருநாள் இன்ன நாள் என்று விரல் விட்டு எண்ணி, அதற்கு மறுநாளை ஆட்டத்துக்குக் குறித்தார்.

காஜா மைதீனுக்கு இதில்தான் பயம். ‘‘பிறையப் பாத்துட்டுத் தேதி சொல்லுங்கண்ணே. ரெண்டு நாள் தள்ளி வச்சா என்ன கெட்டுப்போச்சு?’’ என்று கேட்டார். பஞ்சாங்கத்தில் தெளிவாக இருக்கும்போது வானத்தை அண்ணாந்து பார்ப்பானேன் என்று அம்பலவாணனார் சிரித்தார். பஞ்சாங்கத்தில் தப்பில்லை. ஆனால் கண்ணால் கண்டால்தான் பிறை என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பஞ்சாங்கம் சொன்ன மாலையில் கடற்கரையில் நின்றவர்கள் கழுத்து வலிக்கப் பார்த்தும் பிறை தென்படவில்லை. பிறை கண்டதை அறிவிக்கும் பள்ளிவாசல் நகரா முரசு முழங்கவில்லை. நோன்பு ஒருநாள் நீண்டது, பெருநாள் நேராக ஆட்ட நாளில் வந்து விழுந்தது. ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்டு ஆள் அனுப்பினோம். மைதானத்தில் பந்தல்கூடப் போட்டாகிவிட்டது என்று நாகப்பட்டினத்தார் கைவிரித்துவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் ஆடியிருப்போம். தொழுகை முடிந்ததும் மூவரையும் ஏற்றிக்கொள்ள வேன் திருமலைராயன்பட்டினத்தில், காஜா மைதீன் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வாப்பாவுக்குப் பினாங்கில் கடை; அந்தப் பெருநாளுக்கும் அவர் வரவில்லை. வீட்டில் உம்மா சுல்தான் பீவி வைத்ததுதான் சட்டம். வாப்பா இல்லாத வெறுமை தெரியக் கூடாது என்றோ என்னவோ, அந்த அம்மையார் விடியற்காலையிலிருந்து அணி முழுவதுக்கும் சமைத்து வைத்திருந்தார். வாசல் திரைக்குப் பின்னால் நின்றபடி, எல்லாரும் இறங்கி வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார்.

உள்ளே என்ன சமைத்திருக்கிறது என்று காஜா மைதீனுக்குத் தெரியும். வேனருகே ஓடிவந்தார்.

‘‘அண்ணே, வண்டியக் கெளப்பச் சொல்லுங்க. ராத்திரி வந்து சாப்பிட்டுக்கலாம். உம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.’’

அம்பலவாணனார் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டார். ‘‘பெருநாளும் அதுவுமா அவங்க வாசல்ல நின்னு கூப்புடுறாங்க. வேணாம்னு சொல்ற வாய் எனக்கு இல்ல தம்பி’’ என்றார்.

நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தாளிச்சா, வட்லாப்பம். நான்கு பேருக்கு ஒரு சகன். பெரிய தாம்பாளம் போன்ற அந்தத் தட்டைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும், நால்வரும் முடிக்காமல் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. எங்கள் செண்டர் பார்வர்டு, பட்டினச்சேரி சுப்பையன், அன்றுதான் முதல்முதலாக வட்லாப்பம் என்னும் அந்த முட்டை இனிப்பை ருசி பார்த்தார். அவர் நிறுத்துவதாக இல்லை, அவருடைய சகனில் இருந்தவர்கள் எழுந்திருக்க வழியும் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து சோறு வந்துகொண்டே இருந்தது. அம்பலவாணனார் சுத்த சைவர். அவர் ஓரமாக உட்கார்ந்து இரண்டு வாழைப்பழமும் ஒரு தம்ளர் பாயசமும் சாப்பிட்டார். நெய்ச்சோறும் கறியும் மத்தியான வெயிலில் மனிதனை என்ன செய்யும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நன்றாகச் சாப்பிடுங்கள், ஓட வேண்டாமா என்று எங்களை உற்சாகப்படுத்தினார்.

ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஈர மணலில் நாய் துரத்தினாலும் பிடிபடாத சுப்பையன், இடுப்பில் கை வைத்து நடு மைதானத்தில் நின்றார். சேக் அலாவுதீன் வேலியோரம் போனவர் இடைவேளை வரை திரும்பவில்லை. காஜா மைதீன் கண்ணுக்கு ஒவ்வொரு பந்தும் தெளிவாகத் தெரிந்தது. மனசு பாய்ந்தது, உடம்பு வரவில்லை. நான்கு கோல் வாங்கினோம், ஒன்றும் திருப்பவில்லை. வழக்கமாக நாங்கள் விரட்டி அடிக்கும் அணிதான் அது. திரும்பும் வழியில் வேனில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

ஆனி மாதம் பொதுக்கூட்டம் கூடியது. அம்பலவாணனார் மேனேஜராக நீடிக்கலாமா கூடாதா என்பது ஒன்றுதான் பேச்சு. கழகத் தலைவர் வக்கீல் சோமசேகரன், அவருக்கே உரிய நிதானத்தோடு இரண்டு பக்கமும் கேட்டார். பதினைந்து ஆண்டு உழைப்பை ஒருவேளைச் சாப்பாட்டில் தூக்கி எறிவதா என்றார்கள் ஒரு சாரார். கோப்பையைத்தானே அந்தச் சாப்பாட்டில் தூக்கி எறிந்தார் என்றார்கள் மறு சாரார். பேச்சு மெல்லத் திரும்பி, கூப்பிட்டு உட்கார வைத்த வீட்டைப் பற்றிப் போகத் தொடங்கியது. காஜா மைதீனுக்கு முகம் சிவந்தது. வாயைத் திறந்தால் உம்மாவைப் பற்றிப் பேச வேண்டும், திறக்காவிட்டால் பழி உம்மாவின் மேல் விழும்.

அப்போதுதான் அம்பலவாணனார் எழுந்தார். ‘‘நான்தான் ஒக்காரச் சொன்னேன். அந்த வீட்டப் பத்தி யாரும் பேச வேணாம்’’ என்றார்.

வக்கீல் ஒரு கேள்விதான் கேட்டார்: ‘‘மறுபடி அப்படி ஒரு நாள் வந்தா என்ன செய்வீங்க?’’

தவறு நடந்துவிட்டது, இனி நடக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் முழுவதும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தது. காஜா மைதீன் மனத்துக்குள் வேண்டிக்கொண்டார். பதவி போனால் மாலை நேரத்தை என்ன செய்வது என்றே தெரியாத மனிதர் அவர்.

‘‘மறுபடியும் ஒக்காருவேங்க’’ என்றார் அம்பலவாணனார்.

கை தூக்கினோம். இரண்டு பக்கமும் சமமாக நின்றன. கேப்டன் கடைசியில் கை தூக்குவது எங்கள் வழக்கம். தம் உம்மாவின் மானத்தைக் காத்த மனிதரை, அந்த உம்மாவின் பிள்ளையே இறக்குவதா என்று காஜா மைதீன் தயங்கினார். ஆனால் அவருக்குக் கோப்பை வேண்டும். மறுபடியும் உட்காருவேன் என்று சொல்லும் மேனேஜரை வைத்துக்கொண்டு கோப்பை வராது என்பதும் தெரிந்தது. தரையைப் பார்த்தபடி, இறக்கலாம் என்பவர்கள் பக்கம் கையைத் தூக்கினார். கூட்டம் கலைந்ததும் அம்பலவாணனார் அவரிடம் வந்து காற்றடிக்கும் பம்பைக் கொடுத்து, வாஷர் தேய்ந்திருக்கிறது, மாற்றிக்கொள் என்று மட்டும் சொன்னார். வீட்டில் சுல்தான் பீவி சோற்றை வைத்துவிட்டு, ‘‘அவரு மறுக்க மாட்டாம சாப்புட்டாரு. நீ எஞ் சோத்தத் தின்னுபுட்டு அவர எறக்கிட்டு வந்திருக்கே’’ என்றார். அதன் பிறகு பல நாள் மகனோடு பேசவில்லை.

பதவி காஜா மைதீனிடமே வந்தது. தோற்ற கையோடு தங்களுக்கு விழா எடுக்க எங்களுக்கு வெட்கமாக இருந்ததால் அது ஓராண்டு தள்ளிப்போயிற்று. இந்த ஆண்டு பிறை கண்ட பிறகே தேதி குறித்தோம். இறுதி ஆட்டத்தன்று சுப்பையனை ஏற்றிக்கொள்ளப் பட்டினச்சேரிக்குப் போனால், அவர் தங்கைக்கு அன்று வளைகாப்பு. தாயார் சொர்ணாம்பாள் வேன் வரைக்கும் வந்து, எல்லாரும் இறங்கி ஒரு பிடி கலந்த சாதமாவது சாப்பிட்டுப் போங்கள் என்று கெஞ்சினார். காஜா மைதீன் இருக்கையை விட்டு அசையவில்லை. நேரமில்லை, சுப்பையனை மட்டும் அனுப்புங்கள் என்றார். அந்த அம்மாள் ஒதுங்கி நின்றார். இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். கோப்பை இதோ மேசைமேல் இருக்கிறது.

ஆக, தீர்மானம் சரிதான். தங்களை இறக்கியதில் தவறில்லை என்று இந்த மேடையிலேயே சொல்கிறோம், அதைத் திரும்பப் பெற இந்த மடல் எழுதப்படவில்லை. இப்போதெல்லாம் வேன் குறித்த நேரத்துக்குக் கிளம்புகிறது. ஆட்டக்காரர்கள் துணிமூட்டையோடு தெருமுனைக்கே வந்து நின்று ஏறிக்கொள்கிறார்கள். எந்த வீட்டு வாசலிலிருந்தும் எங்களை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. எங்களுக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது.

அன்புக்குரிய அண்ணலே! தங்களை இன்றைக்கும் பட்டினத்திலும் பட்டினச்சேரியிலும் வயற்காட்டு ஊர்களிலும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறார்கள். அந்த அழைப்பு குறையாமல், பல்லும் பசியும் பழுதுபடாமல், தையல்நாயகி அம்மையாரோடு தாங்கள் நூறாண்டு நலமாக வாழ வேண்டும் என்று அல்லாவையும் அம்பலத்தானையும் அவரவர் முறைப்படி வேண்டுகிறோம். அடுத்த முறை எந்த வீட்டிலாவது கூப்பிட்டால் எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதுமட்டும் ஆட்டம் இல்லாத நாளாக இருக்க வேண்டும் என்கிறார் காஜா மைதீன்.

இங்ஙனம்,
அன்று கை தூக்கியவர்களும் தூக்காதவர்களுமான
கீழைக்கரைக் கால்பந்துக் கழக ஆட்டக்காரர்கள்
காரைக்கால், 1956 ஆனி