பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை

டீசல் வேனை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை சர்வீஸுக்கு விட வேண்டும் என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் மலையூர் புகேயில் கிடையாது. சொன்னபடி நடந்த ஆளும் கிடையாது. பல் டாக்டரிடம் பேசுகிற மாதிரிதான் என்னிடம் பேசுவார்கள். தலையாட்டிவிட்டுப் போய் மறுபடி வலி வந்தால் வருவார்கள்.

வண்டியோடு வரும் கையேட்டில் முப்பதாயிரம் என்றோ நாற்பதாயிரம் என்றோ போட்டிருக்கும். அதை எழுதியவன் எங்கள் ரோட்டைப் பார்த்தவனில்லை. இங்கே பாதி வழி இரண்டாவது கியர், மீதி வழி பிரேக். கோடையில் தூசி, குளிரில் பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு, பங்கில் ஊற்றும் டீசலில் தண்ணீர். ஆகவே வாடகைக்கு ஓடும் வேனுக்குப் பத்தாயிரத்துக்கு ஒரு முறை இன்ஜின் ஆயில், அதோடு டீசல் ஃபில்டர். பிரேக் ஆயில் மட்டும் கிலோமீட்டர் பார்க்காது. வண்டி ஓடினாலும் சரி, கொட்டகையில் தூங்கினாலும் சரி, காற்றிலுள்ள ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை வடித்துவிட்டுப் புதியது ஊற்றியே ஆக வேண்டும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பியேதரின் வேன் பள்ளத்தில் விழுந்ததைப் பற்றிய உங்கள் அறிக்கையில், பராமரிப்புக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரேக் சரியாக இருந்தது, டிரைவர் கண்ணயர்ந்திருக்கலாம் என்று. நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த வரியைத் திருத்தச் சொல்லத்தான் நானாக வந்தேன். ஒரு மெக்கானிக்கால் அப்படியொரு வரியை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

இன்னொன்று, கிழவர் பாஷ்க்குக்குச் செய்த அநியாயம். அந்த வண்டியிலிருந்து பிழைத்தது அவர் ஒருவர்தான். பியேதர் பெடலை மிதித்து மிதித்துப் பார்த்தான், கால் பிசைந்த மாவுக்குள் போவது போலப் போயிற்று என்று அவர் சொன்னார். நீங்கள் மறுநாள் உடைந்த வண்டியில் பெடலை அழுத்திப் பார்த்தீர்கள், கல்லாக நின்றது. தலையில் அடிபட்டவர் உளறுகிறார் என்று எழுதிவிட்டீர்கள். அந்த வயதில் ஒரு மனிதரைப் பொய்யராக்கக் கூடாது. அவர் சொன்னதும் நிஜம், நீங்கள் பார்த்ததும் நிஜம். எப்படி என்று சொல்கிறேன்.

பியேதரும் நானும் ஒரே பள்ளிக்கூடம். வாயாடி, ஆனால் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். புகேயிலிருந்து கீழே ஷ்கோதர் டவுனுக்குக் காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு போவான், மாலையில் திரும்புவான். கண்ணேறு படாமலிருக்கக் கண்ணாடியில் ஒரு கரடி பொம்மை, டாஷ்போர்டில் புனித அந்தோணியார், இவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள் என்று வண்டியில் வேறு எதையும் மாற்ற மாட்டான். போதாததற்கு, ஏற்றம் முடிந்து கணவாயைத் தாண்டியதும் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு வண்டியைத் தானாக உருள விடுவான். டீசல் மிச்சமாம். எங்கள் ஊர் டிரைவர்கள் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. இன்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரத்தை எல்லாம் பிரேக் தனியாகத் தாங்க வேண்டும்.

“சக்கரத்துகிட்ட கை வைச்சா ரொட்டி சுடலாம்டா, அவ்ளோ சூடு. இப்படியே போனா ஒருநாள் கவுந்துடுவே” என்று கோலேயின் காப்பிக் கடையில் பல தடவை சொன்னேன்.

ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டு எழுந்தான். கோலே எனக்கென்று கொண்டுவந்த காப்பியைத் தட்டிலிருந்து எடுத்தான். ஒரு காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து, முழங்காலுக்கு அடியில் கையை விட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினான்.

“டாக்டரே, உங்க கிலோமீட்டர் எல்லாம் என் வண்டிகிட்ட இன்னும் பழி வாங்கலையே. வாங்கற வரைக்கும் இப்படித்தான் குடிக்கணும்.”

நீங்கள் தலைநகர் திரானாக்காரர், படித்துத்தான் தெரிந்திருப்பீர்கள். ரத்தத்துக்குப் பழி வாங்காமல் உட்கார்ந்திருக்கும் ஆணுக்கு எங்கள் மலையில் அந்தக் காலத்தில் அப்படித்தான் கோப்பை கொடுப்பார்கள். அவன் பழியை முடிக்கும் வரை யாரும் அவனுக்குக் கைக்கு நேராக எதையும் நீட்ட மாட்டார்கள். இப்போது யாரும் அதை வினையாகச் செய்வதில்லை. விளையாட்டாகக்கூட யாரும் செய்து நான் பார்த்ததில்லை, அன்றைக்கு முன்னால். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வாங்கிக் குடித்தேன். கேலியைத் தாங்கத் தெரியாதவனா நான்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தக் குளிர்காலம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. பியேதர் இல்லாத நாளிலும் யாராவது ஒருவன் காலைத் தூக்குவான். பனியில் பூட்ஸை உதறிவிட்டுத் தூக்குவான். கடைசியில் கோலேகூட, என் காசுக்குக் காப்பி விற்கிறவன், தூக்கினான். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. கேட்பீர்களே என்று சொல்லி வைக்கிறேன்.

வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுக்கப் பூசையில் இருந்த நேரம், பியேதர் பின்பக்கச் சந்து வழியாக என் பட்டறைக்கு வேனைக் கொண்டுவந்தான்.

“பெடல் மெத்து மெத்துன்னு போகுதுடா. கொஞ்சம் பாரேன்.”

“பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷம்?”

“யாருக்குத் தெரியும். வாங்கறப்போ எது இருந்ததோ அதான்.” சந்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். “சரிடா, நீ சொன்னதுதான் சரி. போதுமா? எல்லாத்தையும் மாத்திடு. ஆனா கோலே கடையில மூச்சு விடாதே.”

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நெஞ்சு எரிந்தது. ஊருக்கு முன்னால் சிரித்ததைச் சந்தில் வந்து திருப்பித் தருகிறானே என்று இருந்தது.

“நாளைக்குக் கடையில வந்து நீயே சொல்லு, லுலாஷ் சொன்னது சரின்னு. இப்பவே மாத்தித் தரேன்” என்றேன்.

அவன் என் தோளில் தட்டினான். “அதுக்கு வேற ஆளைப் பாரு ராசா.”

அவனுக்கு நான் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் ஐயா. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆயிலை வடித்தேன். அலமாரியில் புதிய டப்பா இருந்தது, சீல் உடைக்காதது. அதை எடுக்கவில்லை. காயலான் கடைக்குப் போன ராணுவ லாரி ஒன்றிலிருந்து வடித்த பழைய ஆயில் ஒரு ஜாடியில் குளிர்காலம் பூராவும் மூடியில்லாமல் கிடந்தது. டிகாஷன் நிறத்தில் இருந்தது. அதை ஊற்றினேன். நாலு சக்கரத்து பிரேக் குழாயிலும் நின்ற ஏரை எடுத்தேன், வேலையில் குறை வைக்கவில்லை. ஏர் போனால் பெடல் கெட்டியாகிவிடும். உள்ளே இருப்பது புதியதா பழையதா என்று காலுக்குத் தெரியாது.

பியேதர் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். “கல்லு மாதிரி நிக்குதுடா!” இறங்கி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். பிறகு, வெட்கப்படுகிறவன் மாதிரி, “இனிமே அந்த நியூட்ரல் விஷயம்... இறங்கலாமா, கூடாதா? நீதான் சொல்லணும்” என்றான்.

அவன் என்னிடம் நிஜமாக யோசனை கேட்டது அந்த ஒரு முறைதான்.

“இந்த பிரேக் எதையும் தாங்கும். உன் இஷ்டம்” என்றேன்.

ஈரம் குடித்த ஆயில் குளிர்ந்த நாளில் ஒன்றும் செய்யாது. சூடு ஏறி ஏறி ஒரு கட்டத்தில் அதிலுள்ள தண்ணீர் கொதிக்கும், குழாய்க்குள் ஆவி நிற்கும். மிதித்தால் ஆவிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. ஆறினால் ஆவி மறுபடி நீராகிவிடும், பெடல் மறுபடி கல்லாகிவிடும். உங்கள் ஆட்கள் மறுநாள் மிதித்துப் பார்த்தது அதைத்தான். மிதிப்பதற்குப் பதிலாகக் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சிப் பார்த்திருக்க வேண்டும். ஜாடியில் மிச்சமிருந்ததை இந்த பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறேன். வண்டியில் இருப்பதோடு வைத்துப் பாருங்கள், ஒரே சரக்கு.

அதன் பிறகு காத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் வேன் கிளம்பும், ஒவ்வொரு மாலையும் அதன் ஹாரன் கேட்கும். மழைக்காலம் போல ஜூனும் ஜூலையும் முழுக்கக் குளிர்ச்சி. ஹாரன் கேட்கும்போது எனக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுப்பேன், அவ்வளவுதான். அவனோ பெடல் கெட்டியான தைரியத்தில் கடையில் முன்னைவிட உற்சாகமாகக் காலைத் தூக்கினான். பட்டறைக்கு வந்துபோனவன், நான் சொன்னது சரி என்று தெரிந்தவன், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தூக்கினான்.

ஆகஸ்டில் வெயில் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே கடை வாசல் தார் இளகிக் கிடந்தது. பியேதர் எனக்குக் கோப்பையை வழக்கம்போல் கொடுத்துவிட்டு, கூரைமேல் பாலாடைக்கட்டி டின்களை ஏற்றிக் கட்டினான். வண்டி நிறைந்திருந்தது. முன் சீட்டில் மட்டும் ஓர் இடம்.

“வாங்க டாக்டரே, முன்னால உக்காந்து காத்து வாங்கிட்டு வாங்க. காசு வேண்டாம்.”

“வேலை கிடக்குடா” என்றேன்.

அந்த இடத்துக்கு என் பக்கத்து வீட்டுப் பெண் திராந்தே வந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம், ஷ்கோதரில் கல்யாண கவுனுக்கு அளவு பார்க்கப் போகிறாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“லுலாஷ் மாமா, டவுன்லேருந்து உங்களுக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமா?”

“ஒன்னும் வேண்டாம்மா. போயிட்டு வா.”

ஏன் அவளை இறக்கவில்லை என்று நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். யோசித்தேன். இறங்கு என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் கடையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கே நடக்கும் என்று எனக்கு என்ன நிச்சயம்? அதற்கு முன்பே, பாஷ்க் ஏற வந்தபோது மட்டும், “பெரியவரே, பின் கதவுகிட்ட உக்காருங்க, காலை நீட்டிக்கலாம்” என்று சொன்னேன். பின் கதவு திறந்து வெளியே விழுந்ததால்தான் அவர் பிழைத்தார். ஒரு உயிரை நான் காப்பாற்றியிருக்கிறேன். அதையும் எழுதுங்கள்.

வேன் போன பிறகு காப்பியைக் குடித்து முடித்தேன். கணவாய் வரை எவ்வளவு நேரம், அங்கிருந்து நியூட்ரலில் எவ்வளவு நேரம் என்று எனக்கு மனப்பாடம். அந்தோணியார் சிற்றாலயத்துக்கு முந்தைய வளைவு வரை தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதைத் தாண்டி அடுத்த வளைவில்தான் போனான். அவ்வளவு தூரம் தப்பாகிவிட்டது.

கோலேயின் போன் அடித்தது. போனைக் காதில் வைத்துக் கேட்டான். பிறகு தட்டைக் கீழே வைத்தான்.

பாஷ்க்கைத் தவிர மற்ற எல்லாரும் போய்விட்டார்கள். திராந்தேயின் அப்பா இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் பேசுகிறார். எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கல் நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். ஆனால் ஒன்று பாருங்கள், விபத்துக்கு அடுத்த வாரமே புகேயிலுள்ள அத்தனை வேன்களும் என் பட்டறை வாசலில் வரிசையில் நின்றன. யாரும் இப்போது நியூட்ரலில் இறங்குவதில்லை. எத்தனை வருஷம் வாயால் சொல்லி நடக்காதது. இனி அந்த ரோட்டில் எத்தனை பேர் சாகாமல் இருப்பார்கள் என்று உங்கள் அறிக்கையில் யாரும் எழுதப் போவதில்லை. ஆனால் டிரைவர் தூங்கிவிட்டான் என்று நீங்கள் எழுதிவிட்டால், நாளைக்கே பழையபடி ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் வந்தேன். பழைய ஆயிலை ஊற்றினேன், தெரிந்தேதான் ஊற்றினேன், நடக்கும் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பராமரிப்புக்கும் விபத்துக்கும் சம்பந்தம் உண்டு. அதை மட்டும் திருத்திவிடுங்கள். பழி, மானம் என்றெல்லாம் பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள், நம்பாதீர்கள். இது சர்வீஸ் சம்பந்தப்பட்ட விஷயம்.

துக்கத்துக்கு நானும் போனேன், போகாமல் முடியுமா. ஆண்கள் எல்லாரும் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், கோலே கடையில் உட்காரும் அதே ஆட்கள். நான் நுழைந்ததும் எழுந்து நின்றார்கள். பியேதரின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ எத்தனை தடவ சொன்னே லுலாஷு, எம் புள்ள கேக்கலையே” என்று அழுதார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு அவரே போய், சர்க்கரை போடாத துக்க வீட்டுக் காப்பியைக் கொண்டுவந்தார். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மறு கையால் கோப்பையை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

வாங்குவதற்கு முன்னால் அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். யாருடைய முழங்காலும் அசையவில்லை.