ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம்

எங்கள் நூலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து எதையும் தின்னக்கூடாது, சார். மூடி போட்ட தண்ணீர் பாட்டில் மட்டும் பரவாயில்லை. அந்த விதியை எழுதினவள் நான்தான். அதற்கு முன்னால் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் அரைத்தட்டு ரொட்டித் தூள் கொட்டும்.

மற்ற விதிகளும் சுவரில் ஒட்டியிருக்கின்றன. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். யாரும் காத்திருக்கவில்லை என்றால் இன்னொரு அரை மணி கூட்டிக் கொடுக்கலாம். நேரம் முடிந்ததும் கணினி தானே அணைந்துவிடும், அதில் செய்ததெல்லாம் அழிந்துவிடும். அடுத்தவர் கண்ணில் படக்கூடாதே. ஊழியர்கள் யாருக்காகவும் விசைப்பலகையைத் தொடக்கூடாது. இதில் கொடுமை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஈனஸ் டாக்கெட் ஒரு திங்கட்கிழமை வந்தார். முப்பது வருஷம் சுரங்கத்தில் கரி வெட்டின மனுஷன். சுரங்கம் மூடின பிறகு இருமல்தான் மிச்சம். மனைவி ரோடாவுக்குச் சர்க்கரை வியாதி. அவளுடைய மருத்துவ அட்டையை வெள்ளிக்கிழமைக்குள் புதுப்பிக்காவிட்டால் இன்சுலின் கிடையாது என்று கடிதம் வந்திருந்தது. முன்பெல்லாம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், இப்போது இணையத்தில் மட்டும்தான். அவர்கள் இருக்கிற பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல்கூட எட்டாது. எங்களுடைய ஐந்து கணினிகளை விட்டால் இந்த மலை ஊர்களுக்கு வேறு நாதி இல்லை.

"கரி வெட்டுறதே தேவலை போலிருக்கே, மிஸ் வில்மா," என்று சிரித்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். பதினான்கு பக்கப் படிவம். ஏழாவது பக்கத்தில் ஒரு மணி நேரம் முடிகிற மாதிரி இருந்தது.

"இன்னொரு அரை மணி குடுங்கம்மா."

"ஆள் காத்திருக்காரு, ஈனஸ். நாளைக்கு வாங்க."

நான் பொய் சொல்கிறவள் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் ஜே. மில்லர் என்று ஒரு பெயர் இருந்தது. முதலில் அதை எழுதினேன், அப்புறம்தான் அவரிடம் சொன்னேன். அந்த மில்லரைத் தேடி நீங்கள் இந்தப் பக்கமெல்லாம் அலைந்தீர்களாமே, என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அப்படி ஒரு ஆள் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒன்பது வரை வந்தார். புதன்கிழமை பதினொன்று. கை கொஞ்சம் பழகிவிட்டது. அன்றைக்குத்தான் சொன்னார்: "ரோடா இருக்குற மருந்தைப் பாதிப் பாதியா போட்டுக்கிட்டிருக்கா. நாக்கு வறண்டு கிடக்கா. எனக்கு பயமா இருக்கு."

கேட்டுக்கொண்டேன். பக்கத்துக் கணினியில் க்ளைன் வீட்டுப் பையன் சீட்டாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அரை மணி கூட்டிக் கொடுத்திருந்தேன். நாற்பது வயசு, வேலை இல்லை. அவன் என்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான்.

வியாழக்கிழமை பதின்மூன்றாவது பக்கம். வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கத்துக்கே வந்துவிட்டார். மூன்று நிமிஷம் இருந்தது. மீதி நான்கு கணினியும் சும்மா கிடந்தன.

"மிஸ் வில்மா, பத்து நிமிஷம். உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"மில்லர் காத்திருக்காரே."

"யாரும்மா அந்த மில்லர்? அஞ்சு நாளா வர்றேன், ஒரு நாளாவது அந்த ஆளைக் கண்ணுல பாத்தேனா?"

"வெளியே சிகரெட் பிடிக்கப் போயிருக்காரு."

திரை அணைந்தது. அவர் கத்தவில்லை. எழுந்து, "ரொம்ப நன்றிங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் ரோடா இறந்துபோனாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், அடியில், சேமித்து வைக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தியிருந்தால் மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடங்கியிருக்கலாம். செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும். எனக்குத் தெரியும். விசைப்பலகையைத் தொடக்கூடாது என்றுதான் விதி, விரலை நீட்டிக் காட்டக்கூடாது என்று இல்லை.

ஏன் என்று நான்கு தடவை கேட்டுவிட்டீர்கள். என் கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நூலகத்துக்கு வருகிறவர்கள் என் மேஜையைத் தாண்டி நேராகக் கணினிக்குப் போய்விடுவார்கள். ஈனஸ் மட்டும்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "உங்கள விட்டா எனக்கு யாரும் இல்ல, மிஸ் வில்மா," என்றார். அதை மறுநாளும் கேட்கவேண்டும்போல் இருந்தது. படிவம் முடிந்துவிட்டால் மனுஷன் அப்புறம் எதற்கு வரப்போகிறார்? ஒவ்வொரு நாளும், நாளைக்கு முடிக்க விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். என்னால் முடியவில்லை, சார். ரோடாவைக் கொல்ல நான் நினைக்கவே இல்லை. அவளைப் பற்றியே நான் நினைக்கவில்லை.

வாக்குமூலக் காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடக்கத்தன்று துக்க வீட்டுக்கு உருளைக்கிழங்கில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஈனஸ் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் மூன்று வாரமாகிறது, நூலகத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. அந்த ஐந்து நாளும் அவர் கஷ்டத்தை உட்கார்ந்து கேட்டவள் நான் ஒருத்திதானே, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போனால் என்ன?