வண்டி முதலிலா, டிரைவர் முதலிலா?

– மறுபடியும் நின்னுபோச்சு, மேடம். புரோகிராமை மொழி மாத்துற உங்க கருவி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

– பேச்சை மாத்தாதே. நம்ம கல்யாணத்தைப் பத்தி உங்க வீட்ல சொன்னியா, இல்லையா?

– உங்கம்மா முதல்ல சரின்னு சொல்லட்டும்.

– எங்கம்மா கேக்கப்போற முதல் கேள்வியே, ‘பையன் வீட்ல சம்மதமா?’தான். நான் என்னத்தைச் சொல்ல?

– அப்போ இப்படியே உக்காந்திருப்போம். சரி, இங்க பாருங்க. இந்த பஸ் டிப்போ புரோகிராம், பழைய கம்ப்யூட்டர் மொழியில நல்லாத்தானே ஓடிச்சு?

– டிக்கெட், வண்டி, டிரைவர்னு தனித்தனியா விவரம் எழுதி வச்ச கிளாஸ்ல எது முன்னாடி, எது பின்னாடின்னு பழைய மொழிக்குக் கவலையே இல்ல சாமி. புது மொழி மேல இருந்து படிச்சுக்கிட்டே வரும். தெரியாத பேரைப் பாத்தா அங்கேயே நின்னுடும். அதனாலதான் நம்ம கருவி, யாரையும் நம்பி இல்லாத கிளாஸை முதல்ல எழுதும், அதை நம்பி இருக்கிறதை அப்புறம் எழுதும்.

– டிக்கெட் வரைக்கும் ஜோரா வருது. வண்டியில மாட்டிக்குது. வண்டிக்கு டிரைவர் வேணுமாம். சரின்னு டிரைவரை எழுதப் போனா, அவருக்கு வண்டி வேணுமாம்.

– நீ வந்தாதான் நான் வருவேன்னு ரெண்டும் அடம் பிடிக்குது.

– யாரையோ பாத்த மாதிரி இருக்குல்ல?

– கொஞ்சம் வாயை மூடு, யோசிக்க விடு… டேய், வண்டிக்குள்ள டிரைவரை முழுசா எதுக்கு வைக்கணும்? அவரோட முகவரி மட்டும் இருந்தா போதாதா? ‘டிரைவர்னு ஒரு கிளாஸ் உண்டு, விவரம் கீழே’ன்னு மேல ஒரே ஒரு வரி போடு.

– அவ்வளவுதானா?

– போட்டுத்தான் பாரேன்.

– ஓடுது! மேடம், ஓடுது! கடகடன்னு கடைசி வரைக்கும் போயிடுச்சு!

– என் போனை எடு. இந்தச் சந்தோஷத்துலயே சொல்லிடுறேன். ஆறிப்போனா எனக்குத் தைரியம் வராது. ஸ்பீக்கர்ல போடு… அம்மா, நான்தான். கூட வேலை பாக்குற ஒருத்தனைத்தான் கட்டிக்கப்போறேன். அவன் வீட்ல என்ன சொல்வாங்கன்னு தெரியல. விவரமெல்லாம் அப்புறம்.

– நல்ல வேளை, சொல்லிட்டே! இன்னிக்குக் காலையில நீ ஆபீஸுக்குக் கிளம்பின கையோட, அந்தப் பிள்ளை அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துச்சுடி. நாங்க பேசி முடிச்சாச்சு. ‘எனக்காக அவ ஒரு தடவை வாயைத் திறக்கட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க அத்தை’ன்னு கெஞ்சிட்டுப் போயிருக்கு!