மாட்டுத்தலையனுக்குப் பின்னாலை உள்ள கதவு

மனோன்மணி: ...அப்ப பழசு புதுசிலை ஓடுமோ?

ஜெனோஷன்: ஓடும் அம்மா. எத்தினைதரம் கேப்பீங்கள்? மெசின் போன வருசம் வந்தது. கேம் நான் பள்ளிக்கூடம் போகேக்கை வந்தது, இப்ப திரும்ப வாங்கினனான். எண்டாலும் ஓடும்.

மனோன்மணி: முந்தின மாதிரியேதானோ? கோட்டை, அந்தப் பாலம், எல்லாம்?

ஜெனோஷன்: படம் இப்ப வடிவாய்த் தெரியுது. மற்றும்படி அதேதான்... பொறுங்கோ. பாலம் இருக்கெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

மனோன்மணி: கோட்டை எண்டால் பாலம் இருக்கும்தானே. நீ விளையாடு.

ஜெனோஷன்: ம்... ஐயோ. போச்சு. திரும்பவும் அடிச்சுப்போட்டான்.

மனோன்மணி: ஆர், உந்த மாட்டுத்தலையனோ?

ஜெனோஷன்: ஓம். சின்னனிலையும் உவனிட்டைத்தான் அடிவாங்கினனான். உவனைத் தாண்ட முதல் நீங்கள் சபைக்குக் கொண்டுபோய் டிஸ்க்கை உடைச்சுப்போட்டீங்கள்.

மனோன்மணி: சாத்தான்ரை சாமான் வீட்டிலை இருக்கப்படாதெண்டு பாஸ்ரர் சொன்னவர். முழுச் சபையும் கொண்டந்து போட்டது. மயில் போட்டிருக்கெண்டு சுசீலாதேவி அக்கா தன்ரை பட்டுச் சீலையையே கொண்டந்தவ.

ஜெனோஷன்: நீங்கள் எழும்பிச் சாட்சியும் சொன்னனீங்கள். பிள்ளையின்ரை கையிலையிருந்து சாத்தானைப் பிடுங்கிப்போட்டனெண்டு. எல்லாரும் அல்லேலூயா. நான் கடைசி வரிசை வாங்கிலிலை இருந்து அழுதனான்.

மனோன்மணி: தெரியும்... பாத்தனான்.

ஜெனோஷன்: உடைஞ்ச துண்டுகளைப் பையிலை போட்டு எனக்குக் காட்டினது?

மனோன்மணி: அதை இப்ப ஏன். உன்ரை வேலை எப்பிடிப் போகுது?

ஜெனோஷன்: நல்லாப் போகுது.

மனோன்மணி: செவ்வாய்க்கிழமை பட்டப்பகலிலை இஞ்சை இருந்து கேம் விளையாடுறாய். நேற்றும் இதிலைதான் இருந்தாய்.

ஜெனோஷன்: லீவு எண்டு சொன்னனான்தானே.

மனோன்மணி: நவம்பர் மழைக்கை டென்மார்க்கிலை, இந்தச் சில்க்போர்க்கிலை வந்து நிக்க ஆரடா லீவு எடுக்கிறது? சனம் ஸ்பெயினுக்குப் போகுது.

ஜெனோஷன்: துடங்காதேங்கோ அம்மா... பாருங்கோ, உங்களோடை கதைச்சுக் கதைச்சு இந்தமுறையும் செத்துப்போனன்.

மனோன்மணி: என்னைச் சொல்லாதை. நீ கோடாலியாலை அடிக்கிறாய். அடிச்சு அவன் சாகமாட்டான்.

ஜெனோஷன்: பின்னை?

மனோன்மணி: பாலத்துக்கு ஓடு. அவன் பின்னாலை வருவான். நடுவிலை நில்லாதை... ஓடடா... ஆ, இப்ப திரும்பிச் சங்கிலியை வெட்டு.

ஜெனோஷன்: ...விழுந்திட்டான்.

மனோன்மணி: விழுவான். ஆள் பாரம்.

ஜெனோஷன்: அம்மா.

மனோன்மணி: என்ன?

ஜெனோஷன்: இன்ரர்நெட்டிலை பாத்தனீங்களோ?

மனோன்மணி: எனக்கு உதுகள் எங்கை தெரியும்...

ஜெனோஷன்: என்ரை முகத்தைப் பாருங்கோ. அண்டைக்கு உடைச்சது என்ரை டிஸ்க்தானோ?

மனோன்மணி: கொப்பற்றை பிரசங்க சீடி. கன்வென்சனிலை வாங்கினது. துண்டாக்கினால் எல்லாம் ஒரே மினுக்கம்தானே, ஆருக்குத் தெரியும்?

ஜெனோஷன்: பிரசங்கத்தை உடைச்சுப்போட்டோ சாட்சி சொன்னனீங்கள்? போன நத்தார்ப் பண்டிகைக்கும் அப்பா அதைத் தேடினவரே...

மனோன்மணி: மெல்லக் கதை. மனுசன் இரவு வேலை முடிஞ்சு வந்து அறைக்கை படுத்திருக்குது.

ஜெனோஷன்: முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சிருக்கிறீங்கள். சிரிக்காதேங்கோ. நான் எவ்வளவு அழுதனான்... ஏனம்மா?

மனோன்மணி: உடைக்கத்தான் எடுத்தனான். நீ கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டு வாங்கினது, கை வரேல்லை. பிறகு ஒருநாள் சும்மா போட்டுப் பாத்தன். அப்பிடி என்னதான் சாத்தான் உள்ளுக்கு இருக்கெண்டு.

ஜெனோஷன்: இருந்ததோ?

மனோன்மணி: எங்கை. பாவம், ஒரு மாட்டுத்தலையன். தன்ரை கதவைக் காத்துக்கொண்டு நிக்கிறான்.

ஜெனோஷன்: ஆனால் எப்ப விளையாடினனீங்கள்? அப்ப நீங்கள் கோழித் தொழிற்சாலையிலை. இருட்டோடை போய் இருட்டினாப் பிறகுதானே வருவீங்கள்?

மனோன்மணி: ...அந்தக் கதவைத் திற. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாப்பம்.

ஜெனோஷன்: உங்களுக்குத் தெரியாதோ?

மனோன்மணி: எப்பிடித் தெரியும்? அவனை விழுத்தினன், பாத்தால் நீ பள்ளிக்கூடத்தாலை வாற நேரம். நிப்பாட்டிப்போட்டன். அண்டு பின்னேரமே கொப்பர் மெசினைச் சபைச் சந்தைக்குக் குடுத்திட்டார். டிஸ்க் இன்னும் என்ரை தையல் பெட்டிக்கைதான் கிடக்கு. அதுதான் கேட்டுக்கொண்டிருக்கிறன், பழசு புதுசிலை ஓடுமோ எண்டு.

ஜெனோஷன்: கதையை மாத்தாதேங்கோ. வேலைக்குப் போற ஆள் எப்ப விளையாடினது?

மனோன்மணி: நீ முதல் சொல்லு. இது லீவோ? சொல்லப்பன்.

ஜெனோஷன்: இல்லை... ஒருநாள் காலமை ஒபிஸ் வாசலிலை கால் எழும்பேல்லை அம்மா. காருக்குள்ளையே இருந்தனான். ஸ்ட்ரெஸ்ஸாம், டொக்டர் வருத்த லீவு தந்திட்டார். சபையிலை தெரிஞ்சால் உங்களுக்கு வெக்கமெண்டு... சொல்லப் பயமாயிருந்தது.

மனோன்மணி: எனக்கும் அந்தக் குளிர்காலம் முழுக்க வருத்த லீவுதானடா. கோழி வெட்டுற லைனிலை நிண்டபடி அழத் துடங்கினனான், ஏனெண்டு எனக்கே தெரியேல்லை. கொப்பருக்கும் சொல்லேல்லை, சபைக்கும் சொல்லேல்லை. சாப்பாட்டுப் பெட்டியையும் கொண்டு இருட்டோடை வெளிக்கிட்டு, நீங்கள் எல்லாரும் போகுமட்டும் பஸ் தரிப்பிலை குந்தியிருந்திட்டுத் திரும்பி வந்து, உன்ரை அறையிலை உந்த மாட்டுத்தலையனோடை மல்லுக்கட்டினனான்... உன்னட்டை டிஸ்க்கைத் திருப்பித் தந்திருந்தால் எனக்கு அந்த வீட்டிலை ஒரு துணையும் இருந்திராது. கதவைத் திற அப்பன், ரண்டுபேருமாய்ப் பாப்பம்.