சீட்டுக்கு அடியில் இருந்த ஜமக்காளம்

காங்கேயத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்து மோட்டார் பட்டறையில் ஒரு பழைய காரின் ஆடுகிற முன் சீட்டை மெக்கானிக் கழற்றிக்கொண்டிருந்தார். கார்க்காரரும் அவர் மனைவியும் நின்று பார்த்தார்கள். சீட்டுக் காலுக்கு அடியிலிருந்து பவானி ஜமக்காளத் துண்டு ஒன்று வந்தது.

“ஏனுங்க, அப்ப இதை உங்க தங்கச்சி வெட்டலீங்களா?” என்றார் மனைவி.

“நாந்தான் வெட்டுனேன்.”

“எங்கண்ணன் சீராக் குடுத்ததுங்க! எதுக்கு வெட்டுனீங்க?”

“பெரியவன் பொறக்கறப்ப உனக்கு வலி கண்டு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனமே, அப்ப வழியில போல்ட் உழுந்து சீட்டு ஆடுச்சு. நீ பல்லைக் கடிச்சுட்டு, கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தே. பின்னாடி கெடந்த சமக்காளத்துல ஒரு மூலையை வெட்டித் திணிச்சேன்.”

அந்த அம்மாள் குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தார்.

“அப்பறம் ஆடலீங்க. நடுவுல கண்ணைத் தொறந்தேன். ரோட்டோரம் பூராச் சோளம் கதிர் புடிச்சிருந்துச்சு. நீங்க பாடிட்டே ஓட்டுனீங்க.”

“பயத்துல பாடுனேன்.”

“உங்க தங்கச்சிதான் வெட்டுனதுன்னு நாலு வருசமா அவகூட நான் பேசறதில்லீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?”

“நீ இருந்த கோவத்துல, அதுக்கும் பயமாத்தான் இருந்துச்சு.”

மெக்கானிக் புது போல்ட்டை முடுக்கிவிட்டு எழுந்தார். “இனி ஆடாதுங்க. இந்தத் துணியை வீசிப்போடட்டுங்களா?”

“இங்க குடுங்க” என்று அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார்.

எண்ணெய்க் கறையோடு அதை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கணவர் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றி வண்டியைக் கிளப்பிவிட்டு வந்து, ஊர்ப்பக்கம் திருப்பினார்.

“அங்க இல்லீங்க. உங்க தங்கச்சி ஊட்டுக்கு உடுங்க. ஊசி நூல் அவ ஊட்டுல இருக்கும்.”