டிரைவர் பழசு

கம்ப்யூட்டர் பழுது பார்க்க உட்கார்ந்தால் பொறுமை வேண்டும். கண்டதையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமல் முழிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அடுத்தவர்களுடைய இயந்திரங்களைத் தொலைபேசியிலேயே சரிசெய்து கொடுப்பது என் வேலை. பொறுமைக்காரன் என்று பெயர் வாங்கியவன். அப்பா விஷயத்திலும் நான் நிதானம் இழந்ததே இல்லை. தங்கைதான் இன்று என்னை வாய்க்கு வந்தபடி பேசுகிறாள்.

அப்பா லாரி ஓட்டியவர். என் சின்ன வயதில் அவர் வீட்டில் இருந்ததைவிட நெடுஞ்சாலையில் இருந்ததுதான் அதிகம். வந்தாலும் சாப்பிடுவார், தூங்குவார், கிளம்புவார். ஓய்வு பெற்று, அம்மாவும் போன பிறகு, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். இப்போதாவது பேசுவார் என்று பார்த்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளின் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. நான்தான் கம்ப்யூட்டர் வாங்கி, ஸ்டீயரிங் பொருத்தி, ஆன்லைனில் லாரி ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். தங்கை இதை வசதியாக மறந்துவிடுகிறாள்.

அங்கே அவருக்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. முகம் தெரியாத ஏழெட்டுப் பேர் வரிசையாக லாரி ஓட்டிக்கொண்டே ஹெட்போனில் ஊர்க்கதை பேசுவார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர், வேலை முடிந்து வருகிற நர்ஸம்மா ஒருவர், இப்படி. அப்பாவுக்கு 'ஹாரன் மாமா' என்று பெயர் வைத்தார்கள். எதிரே ஈ காக்கை இல்லாத பொம்மை ரோட்டிலும் அவர் ஹாரன் அடிக்காமல் திரும்பமாட்டார். அவர்களோடு வயிறு குலுங்கச் சிரித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டேன். அவருக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

முதல் தடவை நின்றதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. விளையாட்டின் நடுவே திரை உறைந்து, கறுத்து, இயந்திரம் அணைந்தது. "டேய், கொஞ்சம் வந்து பாருடா" என்று அப்பா கூப்பிட்டார். மூடியைக் கழற்றினேன். உள்ளே விசிறியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. சூடு தாங்காமல் அணைந்திருக்கிறது. அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். ரேடியேட்டர் கொதித்து நடுக்காட்டில் நின்ற கதையைச் சொன்னார். அம்மாவை முதன்முதலாக லாரியில் ஏற்றிக்கொண்டு போன கதையையும் சொன்னார். தோளோடு தோள் உரச நாங்கள் அதுவரை உட்கார்ந்ததில்லை. வேலை முடிந்ததும், "கில்லாடிடா நீ" என்று முதுகில் தட்டினார். அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்களிடம் போய்விட்டார்.

அடுத்த தடவை நின்றது என் கைங்கரியம். சின்னதாக ஒரு புரோகிராம். அவர் பேச்சில் லயித்திருக்கும்போது இயந்திரத்தை அணைத்துவிடும். அவ்வளவுதான்.

பழுது பார்ப்பதைக் குறைவில்லாமல் நடத்தினேன். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பவர் சப்ளையை மாற்றினேன். சூடு தணிக்கிற பசையைப் புதிதாகத் தடவினேன். அப்பா டார்ச் பிடித்தார், கதை சொன்னார். ஆனால் எத்தனை முறைதான் தூசியின் தலையிலேயே பழியைப் போடுவது? ஒரு நாள், திரையில் படம் காட்டுகிற கார்டை இயக்கும் மென்பொருளை மனதில் வைத்து, "டிரைவர் பழசாயிடுச்சுப்பா. அதான் நின்னுடுது" என்றேன்.

அப்பா டார்ச்சைத் தாழ்த்தினார். "என்னையாடா சொல்றே?"

அது ஒரு மென்பொருளின் பெயர் என்று விளக்கினேன், கொஞ்சம் தாமதமாக. அவரும் சிரித்தார். ஆனால் அந்தத் தாமதம் தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், "நீங்க எதையாவது அமுக்கினீங்களாப்பா?" என்று மட்டும் கேட்பேன். குற்றம் சாட்டவில்லை. கேள்விதான்.

"அமுக்கலையே" என்றார் முதலில். அப்புறம், "தெரியலையே" என்றார். கடைசியில், "அமுக்கியிருப்பேன்டா" என்றார்.

விளையாட்டில் அவர் வண்டி நடுரோட்டில் உறைந்து நிற்க, பின்னால் வந்த லாரிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதும். யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவரை அதிகம் அறுத்தது. வாழ்நாள் முழுக்க ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டியவர். ஸ்டீயரிங்கைத் துணி போட்டு மூடினார். கொஞ்ச நாளில் கார் சாவியை என் கையில் கொடுத்தார். பிறகு அடுப்பு பற்றவைக்கவும் என்னைத்தான் கூப்பிட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். கையும் தெளிவு, ஞாபகமும் தெளிவு, உங்களைவிட நன்றாக இருக்கிறார் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அப்பா வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

"என்னடா சொன்னாரு?"

"ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாருப்பா."

எல்லா டாக்டரும் எல்லோருக்கும் சொல்வதுதானே. பெரிய பொய்யில்லை.

மிச்சம் இருந்தது அந்தக் கூட்டம். ஹாரன் மாமா எங்கே, ஏன் வரவில்லை என்று செய்திமேல் செய்தி அனுப்பினார்கள். அப்பாவின் பெயரில் நான்தான் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்கு நடுவே இது ஒரு தொல்லை. ஒரு மத்தியானம், மகன் எழுதுகிறேன், அப்பா இறந்துவிட்டார் என்று தட்டி அனுப்பினேன். கேள்விகள் நிற்கும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்து குவிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் நினைவாக எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டே வரிசையாகப் போகிறோம், அவருடைய லாரியை நீங்கள் முன்னால் ஓட்டவேண்டும் என்றார்கள். மறுத்தால் மரியாதையாக இருக்குமா? ஓட்டினேன்.

சத்தம் கேட்டு அப்பா அறை வாசலில் வந்து நின்றார்.

"இப்ப நிக்கலையாடா?"

"இல்லப்பா."

"நீ ஓட்டினா நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். என் காதில் நர்ஸம்மா அவரைப் பற்றி அழுதுகொண்டே பேசினார். மனதைத் தொடுகிற பேச்சு. எனக்கே கண் கலங்கிவிட்டது.

நர்ஸம்மா நேரில் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விலாசத்தை அப்பா எப்போதோ கொடுத்து வைத்திருக்கிறார். ஒரு மாலை பூங்கொத்தோடு வந்து மணி அடித்தார். கதவைத் திறந்தது அப்பா.

"யாரும்மா வேணும்?"

அந்தக் குரல் அவருக்குப் போதும். "ஹாரன் மாமா?" என்றார்.

"நர்ஸம்மாவா?" அப்பா அவசரமாகக் கைகூப்பினார். "என்னால எல்லார் வண்டியும் இடிபட்டுதும்மா. கை முன்ன மாதிரி இல்ல. மனசுல வச்சுக்காதீங்க."

நர்ஸம்மா அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். அப்புறம் அப்பாவை உட்காரவைத்து, பூங்கொத்து யாருக்காக வந்தது என்று சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நான் எப்படா செத்தேன்?"

"செவ்வாய்க்கிழமைப்பா" என்றேன். கேட்டதற்குப் பதில்.

"அப்ப அந்த மெஷின் நின்னது?"

அதையும் சொன்னேன். புரோகிராமைத் திறந்தே காட்டினேன். கேட்டால் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்பா கத்தவில்லை. துணியை உருவிவிட்டு ஸ்டீயரிங்கை ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். கையில் துளி நடுக்கம் இல்லை. என் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டார். நர்ஸம்மாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று அவள் ஃபோனில் கேட்கிறாள். அவளுக்கென்ன, அப்பா அவளிடம் வலிய வந்து பேசுவார்.

நான் வருத்தத்தில் இல்லை. அப்பாவின் அறையைத் தினமும் கூட்டுகிறேன், விசிறியில் தூசி சேரவிடுவதில்லை. இயந்திரம் இப்போது கச்சிதமாக ஓடுகிறது. அந்தப் புரோகிராமை மட்டும் அழிக்கவில்லை. அப்பா திரும்பி வந்தால், என்னைக் கூப்பிட அவருக்கு ஒரு காரணம் வேண்டாமா?